ஊருக்கெல்லாம் ஒரே இடுப்பு

துணியில் கத்தரி வைத்தால் வைத்ததுதான். தையல்கடைக்காரம்மா ஆயுசெல்லாம் அந்தப் பயத்தோடுதான் வெட்டினாள். வாடிக்கையாளர்களின் அளவுகளை டேட்டாபேஸில் போடும் ஆசை மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. லேப்டாப்பில் ஏறமாட்டேன் என்று முரண்டுபிடித்த டேட்டாபேஸ் சாப்ட்வேரை, திட்டித் திட்டியே ஏற்றிவிட்டாள்.

பக்கத்துக்கடை பேக்கரிக்காரருக்குத் தொப்பை போட்டிருந்தது. அவர் இடுப்பை நாற்பத்துநாலு என்று மாற்றியவள், யாருடைய இடுப்பு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல மறந்துவிட்டாள். திரையில் ஒல்லிப்பிச்சான் முதல் கல்யாணப்பெண் வரை எல்லாருக்கும் நாற்பத்துநாலு!

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குப் போன் போட்டாள். "அடியே, எல்லாம் போச்சுடி!"

"பதறாதீங்க அண்ணி. மாத்துறதுக்கு முன்னாடி, நான் சொன்ன மாதிரி பிகின்னு அடிச்சீங்கல்ல?"

"அடிச்சேன்."

"அப்ப ரோல்பேக்னு அடிங்க. பிகினுக்கு அப்புறம் செஞ்சதெல்லாம் இல்லேன்னு ஆயிடும்."

அடித்தாள். அவரவர் இடுப்பு அவரவரிடமே திரும்பிவந்தது, ஓர் அங்குலம்கூடப் பிசகாமல்.

"வெட்டினது ஒட்டிக்கிச்சுடி!" என்றாள்.

போனை வைத்ததும் வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மறுபடி பிகின் என்று அடித்துவிட்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, வேண்டுமென்றே ஒரு தப்பு செய்தாள்.