அண்ணனுக்காக இளைத்தது

ஆர்.எஸ்.புரத்துக் கிளினிக்கில் டாக்டர் அந்தக் கடிதத்தை நீட்டியபோது அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, கல்யாணப் பத்திரிகை வாங்குவதைப்போல இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மஞ்சள் பாய்ந்த கண்களோடு சிரித்து, "ரொம்ப சந்தோசமுங்க" என்றார். ஈரலை மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு இவர் உடம்பு தாங்குமா என்று பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொல்லட்டும் என எழுதிய கடிதம் அது. அதற்குப் போய் யாராவது சந்தோசம் என்பார்களா? என் அண்ணன் சொல்வார். எதிரில் இருப்பவர் மனம் கோணக்கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு கவலை.

அவர் சிங்காநல்லூரில் பேக்கரி வைத்திருந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. சர்க்கரை நோயும் கொழுப்பும் சேர்ந்து ஈரலைச் சுருக்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். ஊர் அதை நம்பவில்லை. பார்க்க வந்த சொந்தங்கள் ஆப்பிளையும் சாத்துக்குடியையும் வைத்துவிட்டு, "குடிக்காமயா ஈரல் போகும்?" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது பேசிக்கொண்டார்கள். உறவில் ஒருவர் ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்தால் போதும், இரண்டு பேருக்கும் வளர்ந்துகொள்ளும் என்ற செய்தி பரவியதும் கூத்து வேறுவிதமானது. வந்தவர்கள் நாம் கேட்காமலே தங்கள் பிரஷரையும் சுகரையும் முதுகுவலியையும் ஒப்பிக்கத் தொடங்கினார்கள். அண்ணன் அவர்களுக்காகப் பரிதாபப்பட்டு, "உடம்பப் பாத்துக்குங்க" என்று தேங்காய் பன் கட்டிக் கொடுத்து அனுப்பினார். எனக்கு வயிறு எரிந்தது.

நங்கைக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, ரத்த வகை சேரவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. இறந்தவர்களின் ஈரலுக்காகப் பெயர் பதிந்து காத்திருப்பவர்களின் வரிசையோ நீளமானது. அண்ணனுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி நடத்தும் என் கணவரிடம் கேட்டேன். அதிகம் பேசாத மனிதர், ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, "பொறந்தவனுக்குத்தான குடுக்கற, குடு" என்றார். ஒத்துக்கொள்ளாதவர் அண்ணன்தான்.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் இணைச்சீர் என்றொரு சடங்கு உண்டு. தாலி கட்டப்போகிற மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவளையும் சேர்த்துச் செய்வது. பெண்டாட்டி வந்தபிறகும் உன்னை விடமாட்டேன் என்று சபையறிய அவன் ஒப்புக்கொள்வதாக அதற்குப் பொருள் சொல்வார்கள். பலர் அதைச் சடங்கோடு மறந்துவிடுவார்கள். அண்ணன் மறக்கவில்லை. ஆடிக்கும் பொங்கலுக்கும் சேலை, பழம், பலகாரம் என்று என் வீட்டில் கொண்டுவந்து இறக்குவார். ஒரு வாய் காபி குடிப்பதற்கே பத்துமுறை சொல்ல வேண்டும்.

"பொறந்தவளுக்குக் குடுத்துத்தான் அம்மணி பழக்கம். உங்கிட்ட வாங்க எனக்குக் கை நீளாது" என்றார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், அவர் வீட்டில் சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்தேன். எதற்கும் அசையவில்லை. வைகாசி முழுக்க இதிலேயே போனது. அவர் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே வந்தது. கடைசியில் எனக்கும் பொறுமை போய், "நீங்க போயிட்டா அப்பறம் எனக்கு யாருங்கண்ணா சீர் கொண்டாருவாங்க?" என்று கத்திவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, "செரி கண்ணு, எடுத்துக்கறேன்" என்றார். அன்று நான் அழுத அழுகை சந்தோசத்தில்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய இதயம், நுரையீரல், எலும்பு, ஏன், பல்லைக்கூட விடாமல் பார்த்தார்கள். மனநல டாக்டர் குடிப்பழக்கம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டபோதும் கோபப்படாமல், "இல்லீங்க, டீ மட்டுந்தானுங்க" என்று பதில் சொன்னார். எல்லாம் தேறியது. அறுவை சிகிச்சைக்கு அவர் உடம்பு தாங்கும் என்றார்கள். தேறாதது நான்தான். என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டரம்மா, "உங்க ஈரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. வெட்டி எடுத்தா உங்க ரெண்டு பேருக்குமே ஆபத்து. பத்துக் கிலோவாவது குறைச்சிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்று அடுத்த ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். எனக்குத் தலையில் இடி விழுந்தது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "வாரா வாரம் பன்னும் வர்க்கியும் கொண்டாந்து போட்டது நாந்தான? நான் போட்ட தீனி எனக்கே எமனாயிருச்சு பாரு" என்றார்.

மறுநாளிலிருந்து நடந்தேன். ஊட்டி ரோட்டில் பாக்குத் தோப்புகளை ஒட்டி, மலைக்குப் போகிற பஸ்கள் ஹாரன் அடித்து ஒதுக்க, மூச்சு வாங்க வாங்க நடந்தேன். சோறு, எண்ணெய், இனிப்பு எல்லாம் நின்றன. தினமும் காலையில் அவர் போன் வரும். "நடந்தாச்சா? என்ன சாப்பாடு?" கொள்ளு என்பேன். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சிரிப்பார். ரவிக்கைகள் தொளதொளத்தன. கண்ணாடி முன் நின்று கன்னம் ஒட்டியதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். நானும் இளைத்தேன், அவரும் இளைத்தார். என்னுடையதைப் பார்த்து இருவரும் மகிழ்ந்தோம். அவருடையதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

ஆடி பிறந்தபோது அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறுவதால் அப்படி ஆகும் என்றார்கள். நான் பார்க்கப் போயிருந்த ஒருநாள் வேட்டியை மாற்றிக்கொண்டு வாசலில் நின்று, "காரை எடுக்கச் சொல்லு, அம்மணி பாத்துட்டிருப்பா. சீலை எடுத்தாச்சா?" என்று நங்கையை அவசரப்படுத்தினார். மேட்டுப்பாளையத்துக்குச் சீர் கொண்டுவரக் கிளம்பியிருக்கிறார். நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "நான் இங்கதானுங்கண்ணா இருக்கறேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாருங்க? எந்தூருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் அத்தனை இளைத்திருந்தேன். அவருக்கு அடையாளம் தெரியாதது நோயாலா, என் உடம்பாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே நுரையீரலில் சளி கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்த வாரத்தில் என் ஸ்கேனுக்குக் குறித்த நாள் வந்தது. "இனி எதுக்கு?" என்றார் கணவர். ஆனாலும் அண்ணன் காலையில் போனில் கேட்பாரே என்பதுபோல ஒரு பழக்கம் என்னைக் கிளப்பிக்கொண்டு போனது. ஸ்கேன் எடுத்த பெண் புதியவள், சீட்டில் எழுதியிருந்ததற்கு மேல் என் கதை அறியாதவள். படத்தைத் திரையில் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "கொழுப்பே இல்லைங்கம்மா, இப்ப சுத்தமா இருக்கு. தாராளமா உங்க அண்ணனுக்குக் குடுக்கலாமுங்க" என்றாள். அவள் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ரொம்ப சந்தோசமுங்க" என்றேன்.