கட்டங்களாக வந்த மாப்பிள்ளை பெயர்

காயல்பட்டினத்தில் இருக்கும் என் கல்லூரித் தோழி, வீட்டிலிருந்தபடியே கல்யாண அழைப்பிதழ்கள் வடிவமைத்துக் கொடுக்கிறாள். மணமக்கள் பெயர் தமிழிலும் வரும், அரபியிலும் வரும். அவளுடைய பழைய லேப்டாப் திணற ஆரம்பித்தபோது, நான் பயன்படுத்தும் யூனிக்ஸ் வகை இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். லேப்டாப் வேகமாக ஓடியது. ஆனால் அதில் எழுதுவதற்கு இருந்த மென்பொருளில், அந்த எடிட்டரில், தமிழும் அரபியும் ஒரே வரியில் வந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பின.

"நீதானளா இதப் போட்ட, நீயே ஒரு வழி பண்ணு" என்றாள்.

பல மொழிகளையும் ஒழுங்காக எழுதும் எடிட்டர் ஒன்று இருந்தது. எங்கள் இயங்குதளத்துக்கென்று அதை யாரும் பேக்கேஜ் செய்திருக்கவில்லை. பேக்கேஜ் என்றால் பெரிய வித்தை இல்லை. மூல நிரலை எங்கே எடுப்பது, கூட என்னென்ன வேண்டும், எதை எங்கே வைப்பது என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதிவிட்டால், பிறகு யாரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். எங்கள் ஊர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு வேலை. வீடு திரும்பி உலை வைத்ததும், அடுப்படி மேடையிலேயே லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். பிழைச் செய்தி ஒன்றில் மூழ்கியிருந்த நாளில் சோறு குழைந்துபோனது. என் கணவர் அதில் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

என்னிடம் எல்லாம் சரியாக ஓடியதும், பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தோழியின் கையாலேயே நிறுவச் சொன்னேன். தமிழ் அழகாக வந்தது. அரபியில் ஒரு மாப்பிள்ளையின் பெயரை அடித்தாள். திரையில் வெறும் கட்டங்கள்.

"ஏளா, மாப்பிள்ளை டப்பா டப்பாவா நிக்காரு! இத அச்சடிச்சுக் குடுத்தா பொண்ணு வீட்ல என்ன சொல்லுவாவ?"

சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. அரபு எழுத்துரு, அதாவது ஃபான்ட், என் கணினியில் முன்பே இருந்ததால், அதுவும் தேவை என்று அந்தக் கோப்பில் எழுத எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கொடுத்த இஞ்சித் தேநீரைக் குடித்துக்கொண்டே அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். மறுபடி நிறுவியதும் பெயர் வலமிருந்து இடமாக, எழுத்தோடு எழுத்து கோத்து வந்தது. அவள் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"இப்பந்தான் மனுசன் பேரு மாரி இருக்கு."

பிறகு, மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று அந்தக் கோப்பை இயங்குதளக் குழுவுக்கு அனுப்பினேன். முகம் தெரியாத ஒருவர் படித்துப் பார்த்து, உரிமக் குறிப்பு விட்டுப்போயிருக்கிறது, விளக்கம் நீளம் என்று தன்மையாகத் திருப்பி அனுப்பினார். இரண்டையும் திருத்தியதும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பேக்கேஜைப் பராமரிப்பவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்ததைக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சில வாரங்களில், அதை நிறுவியிருந்த ஒருவர் எத்தியோப்பியாவிலிருந்து எனக்கு எழுதியிருந்தார். தன் மொழிக்கான எழுத்துருவையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். தோழியிடம் போனில் சொன்னேன்.

"சேத்துக் குடு, ஏளா. அவுகளுக்கும் கல்யாணம் காட்சி இருக்கும்லா" என்றாள்.

அன்று சாயங்காலமே சேர்த்தேன்.