அக்கா நின்று விற்ற குல்லாக்கள்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் என் அக்காவைப் பற்றி அவளுடைய மகன் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள். "ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகக் கம்பளி பின்னுவார்கள்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அது பொய். அந்தப் பக்கம் அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்களாம். அதனால் இந்தப் பக்கத்தை நான் சண்டை போட்டு வாங்கினேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைச் சலவை செய்து இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். கோபத்தை மட்டும் சலவைக்குப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா பிறந்தது வீரகேரளம்புதூரில். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றாள். தென்காசியில் அத்தானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் பட்டாளத்தில் இருந்தார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அக்காவையும் வடக்கே பனி கொட்டும் ஊருக்குக் கூட்டிப்போனார். பக்கத்து குவார்ட்டர்ஸில் ஒரு பஞ்சாபிப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு அவள் பேச்சு புரியாது. அவள் பின்னல் ஊசியைக் காட்டுவாள், அக்கா பார்ப்பாள். தப்பாகப் போட்டால் அந்தப் பெண் பேசாமல் கையிலிருந்து வாங்கிப் பிரித்துவிடுவாளாம். அப்படிப் பிரித்துப் பிரித்தே அக்கா கற்றுக்கொண்டாள். அத்தானுக்கு அவள் பின்னிய முதல் ஸ்வெட்டரில் ஒரு கை நீளம். அதைப் போட்டுக்கொண்டு சல்யூட் அடித்தால் விரல் வெளியே தெரியாது. அத்தான் அதை ஐந்து குளிர்காலம் போட்டார்.

அத்தான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். சில வருஷத்தில் காலமானார். மகனுக்கு அதற்குள் சர்க்கார் வேலை கிடைத்திருந்தது. அக்காவுக்குப் பென்ஷன் வந்தது. சோற்றுக்கு ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் அவள் ஒரு பை நிறையக் குல்லாக்களைப் பின்னி எடுத்துக்கொண்டு, சாரல் விழுந்த ஒரு காலையில் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள்.

தென்காசி வெயிலில் உல்லன் குல்லாவை யார் வாங்குவார்கள் என்று நானே கிண்டல் செய்தேன். அக்கா என்னைவிட விவரம். அருவியில் நனைந்து, பல்லு கிடுகிடுக்க வெளியே வரும் பிள்ளைகளை அவள் பார்த்து வைத்திருந்தாள். ஐந்தருவி ரோட்டோரம் பின்னிக்கொண்டே நிற்பாள். கூவி விற்க மாட்டாள். நடுங்குகிற பிள்ளையின் தலையில் முதலில் குல்லாவை வைத்துவிடுவாள். தாய்க்காரி வேண்டாம் என்றால், "வேண்டாம்னா சரிம்மா. பிள்ளகிட்ட கேட்டு நீங்களே எடுத்துக் குடுங்க" என்பாள். எந்தப் பிள்ளை கொடுக்கும்?

அருவியில் வெள்ளம் வந்து, குளிக்க விடாமல் போலீஸ் கயிறு கட்டிவிட்டால் வந்த கூட்டம் முகத்தைத் தொங்கப்போட்டு ரோட்டோரம் நிற்கும். அக்காவுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம். விற்று முடித்ததும் போய் அருவியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தண்ணீர் எங்கே பிரிகிறது, எங்கே பாறையில் மோதிச் சுருள்கிறது என்று பார்த்துவிட்டு வந்து ஊசியை எடுப்பாள். உச்சியிலிருந்து ஐந்து பட்டை வளைந்து இறங்கும் குல்லா அப்படித்தான் வந்தது. பழக்கடையில் ரம்புட்டானைப் பார்த்துவிட்டு, சிவப்பு நூலில் முள் முள்ளாகக் குஞ்சம் வைத்துக் கைப்பிள்ளைகளுக்கு ஒன்று பின்னினாள். சபரிமலைக்குப் போகும் சாமிமார் வரும் கார்த்திகையில் கறுப்பு மஃப்ளர். ஒருநாள் ஒருவர் அருவிக் குல்லாவைத் திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்து, அஞ்சருவின்னு சொல்லி ஆறு பட்டை இருக்கே என்று கேட்டிருக்கிறார். கண்ணியை எண்ணாமல் பின்னிவிட்டாள், அதுதான் உண்மை. "இது வெள்ளம் வந்த அன்னைக்குப் பின்னுனது அண்ணாச்சி" என்று சொல்லி அதையே அவர் தலையில் கட்டிவிட்டாள்.

இதுவா பொழுதுபோக்கு?

ரோட்டில் நிற்பது தெரிந்ததும் சொந்தபந்தம் பேச ஆரம்பித்தது. யார் யார் என்று பெயர் போட வேண்டாம் என்கிறாள் பேத்தி. போடவில்லை. இதைப் படிக்கும்போது யார் தலை குனிகிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம். பட்டாளத்தான் பெண்சாதி நடுரோட்டில் நின்று விற்கிறாளே என்று கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்துச் சொன்னார்கள். மகனுக்கு அது தாங்கவில்லை. பென்ஷன் வருகிறதே, எதற்கு அங்கே போய் நிற்க வேண்டும் என்று சத்தம் போட்டான். நானும் அங்கே இருந்தேன். அக்கா ஊசியை நிறுத்தவில்லை.

"பென்ஷன் உங்கய்யா நின்னதுக்கு வருதுல. இது நான் நின்னதுக்கு வருது."

அவனுக்கு அது புரியவில்லை. மானம் போகாமல் ஒரு வழி செய்கிறேன் என்று குற்றாலத்தில் ஒரு கடையில் பேசி வைத்தான். அக்கா வீட்டிலிருந்து பின்னிக் கொடுக்க வேண்டும், கடைக்காரர் விற்றுக் காசு கொடுப்பார். மகன் மனம் நோகக்கூடாதென்று அக்காவும் இரண்டு சீசன் அப்படியே கொடுத்தாள். அந்த இரண்டு வருஷமும் புதிதாக ஒரு மாதிரிகூட அவள் கையில் வரவில்லை. அருவியையும் பார்க்காமல், நனைந்த தலையையும் பார்க்காமல், எதைப் பார்த்துப் பின்னுவாள்?

ஒருநாள் நூல் வாங்கப் போனவள் அப்படியே குற்றாலம் போய் அந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறாள். அவளுடைய அருவிக் குல்லாவில் "ஊட்டி" என்று துணிச்சீட்டு தைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மதுரைக்காரர்கள் யாரோ கேட்க, அசல் ஊட்டிச் சரக்கு, மெஷின் பின்னல், கண்ணி விடாது என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பளி என்றால் ஊட்டியில்தான் பின்னுவார்கள் என்று வருகிறவர்கள் நினைக்கிறார்களாம், உள்ளூர்ச் சரக்கென்றால் வாங்குவதில்லையாம்.

"ஊட்டில அஞ்சருவி எங்கன இருக்கு அண்ணாச்சி?" என்று அக்கா கேட்டாள்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து ஊசி முனையால் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தெடுத்தாள். எல்லாக் குல்லாவையும் பையில் போட்டுக்கொண்டு, பழைய இடத்திலேயே போய் நின்றாள். அன்றைக்கே மூன்று விற்றதாம். வீட்டுக்கு வந்து மகனிடம், இனிமேல் எனக்கு நீ வழி செய்ய வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். பல மாதம் அவன் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவ இஷ்டத்துக்கு விடுல" என்று அவனை நான் வாய் கிழியத் திட்டினேன்.

திட்டிய நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்தவரைத் திட்டிவிட்டு என்னை விட்டுவிட்டால் அக்கா சிரிப்பாள்.

அந்த வருஷம்தான் என் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். சம்பந்தி வீட்டார் சிவகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்து எங்களைக் காரில் குற்றாலம் கூட்டிப்போனார்கள். ஐந்தருவி ரோட்டில் கூட்டம். கார் நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் அக்கா. சாரலில் பின்னிக்கொண்டு நிற்கிறாள். சம்பந்தியம்மா அவளைக் காட்டி, "பாவம், இந்த வயசுல ரோட்டுல நிக்காவ" என்றார்கள். என் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கார் போய்விட்டது.

பத்து நாள் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, அன்னைக்குக் காருல ஒன்னப் பாத்தேன். நீ மூஞ்சியத் திருப்புனியா, குல்லாவோட பின்பக்கம் நல்லாத் தெரிஞ்சுது. நான் பின்னுனதுல அதுதாம்ட்டி நல்லா வந்துருக்கு."

சாரலுக்காக அன்று நான் போட்டிருந்தது அவள் பின்னிய குல்லா. எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவள் நான். அன்றைக்கு எச்சில் இலையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அவள்தான் சிரித்தாள். இன்னும் எனக்கு அந்தச் சிரிப்பின் மேல் கோபம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கேயும் ஊசி. நர்ஸம்மா தன் பிள்ளைக்கு ரம்புட்டான் குல்லா கேட்டதற்கு, படுத்துக்கொண்டு விற்பதால் விலை குறையாது என்று சொல்லிவிட்டுப் பின்ன ஆரம்பித்தாள். குஞ்சம் பாதி வைத்திருந்தாள். சாரல் தொடங்குமுன் போய்விட்டாள்.

அத்தானின் பட்டாளத்துக் கறுப்புப் பெட்டியைத் திறந்தால் குல்லாக்கள். அந்த சீசனுக்கென்று பின்னி வைத்தவை. வருஷ திதிக்கு வருகிறவர்களுக்கு இந்த மலரோடு ஆளுக்கு ஒன்று சும்மா கொடுத்துவிடலாம் என்றான் மகன். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"உங்கம்ம எனக்கே சும்மா குடுத்ததில்லல. அவள ரோட்டுல பாத்துட்டு மூஞ்சியத் திருப்புனவனுக்கெல்லாம் சும்மா குடுப்பியோ? உயிரோட இருக்கையில கடையில கொண்டு ஒளிச்ச. இப்ப பொழுதுபோக்குன்னு அச்சடிச்சு ஒளிக்க."

அவன் எழுந்து போய்விட்டான். மூன்றாம் நாள் காலையில் கையில் அக்காவின் குல்லாப் பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தலைமுடி நரைத்த பிள்ளை.

"சித்தி, நான் வித்தா வாங்குவாவளா?"

"நீ விக்காத. மொதல்ல தலையில வையி. பொறவு வெலையச் சொல்லு" என்றேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். மழை வலுத்தால் அக்காவை உள்ளே இழுத்து உட்கார வைத்து, பலகை போட்டுக்கொடுத்த ஐந்தருவி ரோட்டு டீக்கடைக்கார அம்மாவுக்கு நன்றி. அவளுக்காக மினிபஸ்ஸை அரை நிமிஷம் நிறுத்திவைத்த கண்டக்டருக்கு நன்றி. சிவப்பு நூலை வேறு யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்த தென்காசிக் கடைக்காரருக்கு நன்றி. பாதிக் குஞ்சம் வைத்த குல்லாவுக்கு முழு விலை கொடுத்து வாங்கிப்போன நர்ஸம்மாவுக்கு நன்றி. பந்தியில் முகம் சுளித்தவர்களுக்கு நன்றி இல்லை. சாப்பாடு உண்டு.

நீங்கள் சாப்பிட்டு வெளியே வரும்போது வாசலில் மகன் நிற்பான். கையில் அக்காவின் பை. உட்கார மாட்டான், நிற்பான். உங்கள் தலையில் குல்லாவை வைத்துவிட்டு விலை சொல்வான். நான் அவன் பக்கத்தில் என் பழைய குல்லாவைப் போட்டுக்கொண்டு நிற்பேன். இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பப்போவதில்லை. நீங்கள் திருப்பினால் திருப்பிக்கொள்ளுங்கள். உங்கள் தலையில் இருப்பதன் பின்பக்கம் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.