லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

பொட்டு வைக்காத எந்த இயந்திரத்தையும் என் அப்பா நம்பமாட்டார். சமயநல்லூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று லேத், டிரில்லிங் மிஷின், வெல்டிங் செட் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போவார், கடைசி ஸ்பேனர் வரைக்கும். அது போதாதென்று, வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அன்றைக்கே அதற்குத் தனியாக ஒரு பூஜை நடக்கும். கிரைண்டருக்கு வைத்தார், பிரிட்ஜுக்கு வைத்தார். முதன்முதலாகச் செல்போன் வாங்கியபோது அதற்கும் வைத்துவிட்டார். அன்றைக்கு யாரிடம் பேசினாலும் அம்மாவின் காதில் சந்தனம் ஒட்டியது. அம்மா திட்டிக்கொண்டே துடைத்துக்கொண்டாள்.

நான் அப்போது ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். பாடம் நடத்த வேண்டுமே என்று அப்பா தீபாவளித் தள்ளுபடியில் எனக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தந்தார். எங்கள் சொந்தத்திலேயே அதுதான் முதல் லேப்டாப். பார்க்க வந்தவர்கள் பெண் பார்க்க வந்த மாதிரி எட்டி நின்று பார்த்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மூடியில் பொட்டு வைத்தால் பளபளப்பு போய்விடும் என்று நான் கத்தியதில் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதைக் குழந்தையைப் புரட்டுவது போலப் புரட்டிப் போட்டார். அடியில் காற்றுப் போவதற்காகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும் அல்லவா, சரியாக அதன்மேல் மூன்று பொட்டு வைத்தார். ஏன்ப்பா அங்கே என்று கேட்டேன்.

"மூச்சு விடுற இடம்த்தா. அங்கதான் வைக்கணும்" என்றார்.

பத்து மாதம் அது நன்றாகவே மூச்சு விட்டது. பிறகு ஒருநாள் வகுப்பில் பாதிப் பாடத்தில் திரை இருண்டது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உயிர் வரவில்லை. வாரண்டிதான் இருக்கிறதே என்ற தெம்பில் பைபாஸ் ரோட்டில் மாடியில் இருந்த சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கே கவுண்டரில் இருந்த டெக்னீசியன் லேப்டாப்பைத் திருப்பினார். காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார். பிறகு கேமராவை எடுத்து, திருட்டுச் சாமான் பிடிபட்டதைப் போலப் பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டார். மோந்து பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். உள்ளே அந்நியப் பொருள் போயிருப்பதாகவும், வாடிக்கையாளரே கெடுத்துக்கொண்டதற்கு வாரண்டி கிடையாது என்றும் சொல்லி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். திருப்பரங்குன்றத்தில் வாங்கிய சந்தனம் என்றைக்கிலிருந்து அந்நியப் பொருள் ஆனது என்று கேட்டேன். மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு, மேலிடத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரு போன் நம்பர் கொடுத்தார்.

மேலிடம் பெங்களூரில் இருந்தது. அங்கே போனை எடுத்த பெண்ணுக்குச் சந்தனம் என்றால் தெரியும், அதை லேப்டாப்பில் ஏன் பூச வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. நான் என் ஆங்கிலத்தில் சரஸ்வதியில் தொடங்கி லேத் வரைக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, உணவுப்பொருள் சிந்தியதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று மின்னஞ்சல் வந்தது. சந்தனத்தை நாங்கள் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ.

இதெல்லாம் வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். லேப்டாப் இல்லாமலும் பாடம் நடத்தலாம், கரும்பலகை எங்கேயும் ஓடிப்போகவில்லை. ஆனால் நான் மின்னஞ்சலை வாய்விட்டுப் படித்ததை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

"நான்தானத்தா கெடுத்துப்புட்டேன்" என்றார்.

இல்லப்பா, அவர்கள் சும்மா சொல்கிறார்கள் என்று நானும் அம்மாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். படித்தவர்கள் போட்டோ எடுத்துப் பார்த்துச் சொல்கிறார்கள், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டார். ஆயுத பூஜை நெருங்கியது. பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன்கள் சந்தனம் அரைக்கலாமா என்று கேட்டபோது, இந்த வருசம் பொட்டு வேண்டாம், பத்தி மட்டும் கொளுத்தினால் போதும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர்கள் நேராக அம்மாவிடம் வந்து, முதலாளிக்கு உடம்புக்கு முடியலையா என்று விசாரித்தார்கள்.

லேப்டாப் குப்பைக்குப் போகட்டும், அதைக் கெடுத்தது என் அப்பா வைத்த பொட்டு இல்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அது எதற்காவது பயன்பட வேண்டாமா?

ஆயுத பூஜை விடுமுறை நாள் என்பதால் ஆபீஸ்களில் முதல் நாளே பூஜை போட்டுவிடுவார்கள். எங்கள் கல்லூரியிலும் அன்று மத்தியானமே முடிந்துவிட்டது. பொரிப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டுக்குப் போய் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராக பைபாஸ் ரோட்டுக்குப் போனேன்.

நான் எதிர்பார்த்தது வீண்போகவில்லை. சர்வீஸ் சென்டர் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே ஊதுபத்திப் புகை. என் லேப்டாப்பை மோந்து பார்த்த அதே டெக்னீசியன், வேட்டி கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தார். மானிட்டருக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, கீபோர்டுக்குப் பொட்டு. மேனேஜர் டையைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றிருந்தார். நான் ஓரமாக நின்று பயபக்தியோடு கும்பிட்டேன். தீபாராதனையைத் தொட்டு ஒற்றிக்கொண்டேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டெக்னீசியன் என் பக்கம் வந்தபோது பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து நீட்டினேன்.

"அண்ணே, இதுக்கும் ஒரு பொட்டு வைங்கண்ணே" என்றேன்.

அவர் பூஜை மும்முரத்தில் இருந்தார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூடியில் ஒன்று வைத்தார். நான் மெதுவாக அதைத் திருப்பிக் காட்டினேன். அடியில் ஓட்டைகளுக்கு மேலே, அப்பாவின் காய்ந்த பொட்டுக்குப் பக்கத்திலேயே, தாராளமாக இன்னொன்று வைத்தார். குங்குமமும் வைத்தார். வைத்த பிறகுதான் பழைய பொட்டு அவர் கண்ணில் பட்டது. விரல் அந்தரத்திலேயே நின்றது.

நான் மேனேஜரைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை டீச்சரிடம் சந்தேகம் கேட்பது போலக் கேட்டேன்.

"சார், இதுல எந்தப் பொட்டு சார் அந்நியப் பொருளு?"

மேனேஜரின் கை கழற்றி வைத்த டையைத் தேடியது. சுற்றி நின்ற மற்ற வாடிக்கையாளர்கள் விஷயம் என்னவென்று கேட்டார்கள். நான் மறைக்கவா போகிறேன், முழுக்கதையையும் சொன்னேன். கையில் பழுதான லேப்டாப்போடு நின்றிருந்த ஒருவர், அப்படியென்றால் இங்கே இருக்கிற அம்புட்டு மிஷினுக்கும் இன்றோடு வாரண்டி போச்சா என்று கேட்டார். பெங்களூருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்றேன். மேனேஜர் அசடு வழிந்துகொண்டே எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

இதை உள்ளே திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். வெளியே சந்தனத்தைப் பார்த்ததும் படம் எடுத்து அனுப்பிவிட்டார்களாம். இப்போது திறந்து பாருங்கள் என்றேன். மேலிடத்து அனுமதி இல்லாமல் திறந்தால் வாரண்டி போய்விடும் என்றார் மேனேஜர்.

"அதான் போயிருச்சுன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே சார். இன்னும் எங்க போகப் போகுது?"

டெக்னீசியனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதற்கும் பொட்டு வைத்திருந்தார். அடிமூடியைக் கழற்றிக் காட்டியபோது உள்ளே சந்தனம் ஒரு துளிகூட இல்லை. ஓட்டைகளை மூடியிருந்த வலையின் வெளிப்பக்கத்திலேயே ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் போர்டில்தான் ஒரு பாகம் கருகியிருந்தது. அது இந்த மாடலில் அடிக்கடி வருகிற கோளாறுதான் என்று டெக்னீசியன் சொல்ல, மேனேஜர் அவரை முறைத்தார். பொட்டால் காற்று அடைபட்டுச் சூடாகியிருக்குமோ என்று மேனேஜர் கடைசியாக ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தார். மூன்று ஓட்டை அடைபட்டால் என்ன சார், மிச்சம் அம்புட்டும் திறந்துதானே கிடக்கு என்று டெக்னீசியனே பதில் சொல்லிவிட்டார்.

போர்டை மாற்றித் தருவதாக மேனேஜர் ஒப்புக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு காரியம் பாக்கி இருக்கிறது என்றேன். பட்டறை நம்பரை என் செல்போனில் அழுத்தி டெக்னீசியனிடம் கொடுத்தேன். அப்பா எடுத்தார்.

"ஐயா, நீங்க வச்ச பொட்டுனால எதுவும் ஆகலைங்கய்யா. போர்டுதான் கோளாறு. நானே இப்ப இன்னொண்ணு வச்சிருக்கேன்" என்றார் அவர்.

அந்தப் பக்கம் அப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. டெக்னீசியன் மட்டும் சரிங்கய்யா, சரிங்கய்யா என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். போனைத் திருப்பித் தரும்போது, லேப்டாப்பில் பொட்டு எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று உங்கள் அப்பா விளக்கினார் என்றார்.

மறுநாள் காலையில் நானும் அம்மாவும் பட்டறைக்குப் போனபோது சந்தன வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது. அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கிண்ணத்தோடு நின்றிருந்தார். லேத்துக்கு வைத்தார், டிரில்லிங் மிஷினுக்கு வைத்தார், சைக்கிள் பம்பைக்கூட விடவில்லை. பொட்டு வேண்டாம் என்று சொன்னதற்கு வட்டியும் முதலுமாக ஒவ்வொன்றுக்கும் அப்பியிருந்தார். எல்லாம் முடிந்தும் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தார். என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மாதான் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"நெத்தியில எதுக்குங்க வைக்கிறீக? வாயில வைங்க. அதானே ஆயுதம்."