முதல் தூக்கு யாருக்கு?

நாகூர் மீரான் குவீன் தெருவில் வெகுகாலம் மசாலாத் தூள் விற்றவர். கீழே கடை, மேலே வீடு. பொய் சொல்லாத வியாபாரி என்று பெயர். அதனால் வியாபாரத்தில் நஷ்டம் வரவில்லை என்பது ஆச்சரியம்தான். நஷ்டம் வேறு வழியாக வந்தது.

கட்டடத்தின் சொந்தக்காரர் இறந்ததும், மகன் முஸ்தஃபா அதை ஷஃபீக் என்பவருக்கு விற்றுவிட்டார். அந்த விற்பனையே செல்லாது, தனக்கும் பங்கு உண்டு என்றார் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் முஸ்தஃபாவின் சகோதரி சுலைஹா. "உங்க காலம் வரைக்கும் இருங்க மாமா" என்று மீரானுக்கு வாக்கும் கொடுத்தார். ஷஃபீக்குக்கு அங்கே ஹோட்டல் கட்ட ஆசை. மீரானை வெளியேற்ற வழக்குப் போட்டார்.

மீரானின் வழக்கறிஞர் மிதுஷா முதல் நாளே எச்சரித்தார்.

"அங்கிள், நீங்க அந்த ஆள அட்டர்ன் மட்டும் பண்ணிடக் கூடாது."

"அது என்னம்மா, ஊசி மருந்தா?"

"நீதான் இனி என் வீட்டுக்காரன்னு ஒத்துக்கறது அங்கிள். வாயால சொன்னாலும் சரி, நடந்து காட்டினாலும் சரி. ஒருதடவ ஒத்துக்கிட்டா, அப்புறம் அவன் ஓனரே இல்லன்னு நாம பேச முடியாது. வாடகையும் குடுக்காதீங்க, கோர்ட்டுல கட்டிக்கலாம்."

"ஸலாம் சொல்லலாமா?"

"ஸலாம் சொல்லலாம் லா."

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிரபு தன் நிலத்தை விற்றால், குடியானவன் புதிய பிரபுவின் பக்கம் திரும்பி அவரை ஏற்க வேண்டும். அந்தத் திரும்புதலுக்குப் பெயர்தான் அட்டர்ன். குடியானவன் திரும்பாவிட்டால் விற்பனையே முழுமை பெறாது என்று ஒரு காலம் இருந்தது. ஏழையின் சம்மதத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த சட்டம், அந்தச் சம்மதத்தை எந்தச் செயலிலிருந்து வேண்டுமானாலும் ஊகித்துக்கொள்ளும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

மீரான் ஷஃபீக்குக்கு வாடகை கொடுக்கவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அப்படியே நோன்பு மாதம் வந்தது. மீரான் வீட்டில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் நிரப்பும் முதல் தூக்குப் பாத்திரம் எப்போதும் வீட்டுக்காரருக்குத்தான். பழைய சொந்தக்காரர் கடைக்குப் பக்கத்து முன்னறையில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்வார். இப்போது அதே அறையில் ஷஃபீக் உட்கார்ந்திருந்தார்.

"முதல் தூக்கு யாருக்குங்க?" என்றார் மீரானின் மனைவி ஹபீபா பீவி.

"சுலைஹாவுக்கு அனுப்புவோம்."

"பட்டர்வொர்த்துக்கா? ஃபெர்ரி ஏறி எறங்கறதுக்குள்ள பள்ளிவாசல்ல பாங்கு சொல்லிடுவாங்க. கூரைய வெச்சிருக்கறவரு கீழ நோன்போட உக்காந்திருக்காரு. கேஸெல்லாம் பகல்ல. நோன்பு தொறக்கற நேரத்துல என்ன கேஸு?"

மீரானுக்கு அது நியாயமாகவே பட்டது. அந்த மாதம் முழுக்க முதல் தூக்கு கீழே போனது. ஷஃபீக்கும் நன்றியுள்ளவர்தான். "கறி கொஞ்சம் கூடப் போடலாம் லா" என்று ஒரு நாள் சொல்லி அனுப்பினார். மிதுஷாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. கஞ்சிக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு என்பதை ஷஃபீக்கின் வழக்கறிஞர் விசாரணையில் காட்டினார்.

"உங்க வீட்டு நோன்புக் கஞ்சியில முதல் தூக்கு யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு."

"இந்த வருஷம் யாருக்குப் போச்சு?"

மிதுஷா நிமிர்ந்து பார்த்தார்.

"ஷஃபீக் தம்பிக்கு."

"எதுக்காக அவருக்கு?"

"வீட்டுக்காரருக்குத்தானேங்க போகும்."

அதற்கு மேல் கேட்க எதுவும் இருக்கவில்லை.

"பக்கத்து ரூம்காரர்னு சொல்லியிருக்கலாமே அங்கிள்" என்றார் மிதுஷா வெளியே வந்ததும்.

"நோன்புக் கஞ்சிம்மா. அதுல போயி எப்படிப் பொய் சொல்றது?"

மீரான் தன் நடத்தையாலேயே ஷஃபீக்கை வீட்டுக்காரராக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று தீர்ப்பு வந்தது. சுலைஹாவின் வாக்கு பட்டர்வொர்த்திலேயே தங்கிவிட்டது. கடைச் சாமான்களை ஏற்ற ஷஃபீக் தன் லாரியையே கொடுத்தார். மீரான் அதற்கும் நன்றி சொன்னார்.

இப்போது ஜெலுத்தோங்கில் ஒரு அடுக்குமாடி வீடு. கடை இல்லை. வீட்டுக்காரர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாராம். வங்கிக் கணக்கு எண்ணைத் தவிர மீரானுக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. அடுத்த நோன்பின் முதல் நாள், கை பழக்கத்தில் ஹபீபா பீவி தூக்கை நிரப்பி மூடிவிட்டார். மீரான் அதை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தார். இரண்டு பக்கமும் இரும்புக் கதவுகள் சாத்தியிருந்தன.

பாங்கு சொல்லும்வரை அங்கேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, தூக்கை மேசைமேல் வைத்து, பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து நோன்பு திறந்தார். தூக்கை இருவரும் திறக்கவில்லை.