புகைக்காரரும் அக்கா வீட்டு ஜன்னலும்

பெட்ரோல் பங்க்கை ஒட்டிய தகரக் கூரை அறையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார் அவர். வேலை, கார்களுக்குப் புகைச் சோதனை. பின்குழாயில் கம்பியைச் செருகி, கம்ப்யூட்டரில் வரும் எண்ணைப் பார்த்துச் சான்றிதழ் அடித்துக் கொடுத்தால் போதும். ஆனால் மனிதருக்கு மெஷின் மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. பழைய வெள்ளைப் பனியனைத் துண்டு துண்டாகக் கத்தரித்து வைத்திருப்பார். எஞ்சினை ஓடவிட்டு, குழாய்க்கு நேரே துணியைப் பிடித்து அறுபது வரை எண்ணுவார். பிறகு அதை வண்டிக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"மெஷின் பாஸ்னு சொல்லுது. நீங்களே பாருங்க சார், இது பாஸா?"

சிலர் வெட்கப்படுவார்கள், சிலர் சண்டைக்கு வருவார்கள். இவர் அசைய மாட்டார். ஊருக்குள் அவருக்குப் புகைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் புகை அவர் சட்டையில் ஏறி வீட்டுக்கும் வந்துவிடுவதுதான் தொல்லை. மனைவிக்கு இழுப்பு. இவர் வேலைச் சட்டையோடு உள்ளே வந்தால் போதும், அவளுக்கு மூச்சு வாங்கும். அதனால் பின்வாசல் வழியாகப் போய்க் குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் மனைவியின் பக்கத்தில் வருவார். பஸ்ஸில் கால்மணி நேரம் போனாலும் அவளுக்கு ஆகாது. ஒன்பது வருஷமாக அவள் ஊரைத் தாண்டியதில்லை. அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை என்பதுதான் அவரை அதிகமாக வாட்டியது.

ஆகவே, பலநாள் யோசித்து, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய சின்ன எலெக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கினார். ஜன்னலை ஏற்றிவிட்டால் வெளிப்புகை உள்ளே வராது, தன் வண்டியும் புகை விடாது. பழைய பாட்டரி, முழுசாக ஏற்றினால் நூற்றிப்பத்து கிலோமீட்டர் போகும். எழுபது கிலோமீட்டரில் அக்கா வீடு. முதல் பயணம் அங்கேதான் என்று முடிவாயிற்று.

தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்து ஆளாக்கியவள் அந்த அக்கா. அவள் புருஷனுக்கு அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவில் வேலை. நிலையத்தின் பின்னாலேயே குடியிருப்பு. அக்காவுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: "வர்றதுன்னா முதநாளே போன் பண்ணிட்டு வாடா." இவரும் எல்லா முறையும் அப்படியே செய்துவந்தார். இந்த முறைதான் சட்டத்தை மீறினார். மனைவியைக் கொண்டுபோய் எதிரே நிறுத்தி அக்காவைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை.

அக்கா திகைத்துத்தான் போனாள். வாசலில் தம்பி பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு, "எத்தனை வருஷமாச்சு கண்ணு, எத்தனை வருஷமாச்சு" என்று அழுதாள். புகைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பையிலிருந்து பனியன் துண்டை எடுத்து, காரின் பின்னால் பிடித்துக்கொண்டு அறுபது வரை எண்ணினார்.

"பாத்தியாக்கா? பால் மாதிரி இருக்கு!"

"இல்லாத குழாய்க்குத் துணி பிடிச்சா எங்கடா கறுக்கும்? உள்ள வா."

மனைவி உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இழுப்பு வந்துவிட்டது. ஓடிப்போய் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியவரின் கை ஜன்னல் கட்டையில் பட்டது. கையில் ஏதோ நறநறத்தது. கையிலிருந்த துணியால் ஒரே ஒரு தடவை துடைத்தார். பால் மாதிரி இருந்த துணி சாம்பல் பூத்துக் கறுத்திருந்தது. இதற்கு அறுபது எண்ணத் தேவைப்படவில்லை.

"இது என்னக்கா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல அக்கா தரையைப் பார்த்தாள். "சாம்பல்டா. அங்க கரி எரிக்கறாங்கல்ல. காத்து இந்தப் பக்கம் அடிச்சா கொஞ்சம் ஜாஸ்தியா வரும்."

"எப்பலேருந்து?"

"குடிவந்த நாள்லேருந்து."

"நான் வந்தப்ப எல்லாம் பாத்ததே இல்லையே!"

"நீ போன் பண்ணினதும் வீடு மொத்தமும் துடைச்சிடுவேன். இல்லேன்னா சும்மா இருப்பியா நீ? அந்த மனுஷன வேலைய விடச் சொல்லி உயிர எடுத்திருப்ப."

ஊரார் வண்டிக்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு புகை பார்த்தவர், கூடப்பிறந்தவளின் ஜன்னலைப் பார்க்கவில்லை. போனில் அக்கா இருமும்போதெல்லாம் "சளிக்கு மாத்திரை போடு" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

மனைவியைக் காருக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, ஜன்னல்களை ஏற்றி ஏசியைப் போட்டார்கள். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. உடனே கிளம்பிவிடலாம்தான். ஆனால் திரும்பிப் போகிற அளவுக்கு பாட்டரியில் சார்ஜ் இல்லை. புகைக்காரர் சார்ஜர் வயரை எடுத்துக்கொண்டு வராந்தா பிளக் வரைக்கும் போனார். அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னடா?"

"அப்ப என் வண்டி விடுற புகை உன் வீட்டுக்குத்தான் வருதாக்கா?"

"நீ வண்டி வாங்கினேன்னு சொன்னப்ப உங்க அத்தான்கிட்ட நானும் இதையேதான் கேட்டேன். பாட்டரி செய்யறப்பவே நிறையப் புகை ஆயிடுமாம். வண்டி ஓட ஓட அது ஈடாகுமாம். கரியில எடுத்த கரண்டா இருந்தாலும், மொத்தமாப் பாத்தா பெரும்பாலும் பெட்ரோலை விடக் கம்மிதானாம். வெயில்லயும் காத்துலயும் எடுத்தா இன்னும் கம்மியாம்."

"அந்தக் கம்மியும் உன் ஜன்னலுக்குத்தானே வருது."

"வருது. நீ சொருகலன்னா மட்டும் நின்னுடுமா?"

"நிக்காது. ஆனா என் கையால முடியலக்கா."

அக்கா அவர் கையிலிருந்து வயரை வாங்கினாள். குனிந்து, தானே பிளக்கில் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

"ஒம்போது வருஷம் கழிச்சு அவள என் கண்ணுல காட்டியிருக்கு இந்த வண்டி. அதுக்கு நான் இதுகூடச் செய்யக் கூடாதா?"

காருக்குள்ளிருந்து மனைவி கண்ணாடியைத் தட்டினாள். "அண்ணி, நீங்களும் உள்ள வாங்க. உங்க வீட்டை விட இங்க காத்து நல்லாருக்கு!" அக்கா சிரித்துக்கொண்டே போய்ப் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அப்புறம் சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தால், அக்கா தம்பி பெண்டாட்டியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு இருமல்கூட இல்லை.

புகைக்காரர் பையிலிருந்த பனியன் துண்டுகளை எல்லாம் எடுத்து, ஜன்னல் ஜன்னலாகத் துடைத்தார். துணிதான் தீர்ந்தது. வீட்டுக்குப் போகும் அளவு சார்ஜ் எப்போதோ ஏறிவிட்டது. அவர் வயரைப் பிடுங்கவில்லை. வெயில் சாய்ந்து அக்கா தானாக விழிக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "தப்புதான்க்கா. அடுத்த தடவ போன் பண்ணிட்டு வரேன்."

"வேணாம்டா," என்றாள் அக்கா. "சொல்லாமலே வா. துடைச்சுத் துடைச்சு எனக்கும் கை ஓஞ்சு போச்சு."