பின் பண்ணி வைத்த படம்

அந்தப் படத்தை எடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

படத்தில் மந்திரமூர்த்தி அண்ணாச்சி என் லேபின் நீல நாற்காலியில் உட்கார்ந்து, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று நான்கு. 'கசப்பே துணை' என்ற பேஸ்புக் குழுவில் அந்தப் படத்தை மேலே பின் பண்ணி வைத்திருக்கிறார்கள். மாத்திரை இல்லாமல் சர்க்கரையை விரட்டலாம் என்று நம்புகிற நாற்பதாயிரம் பேர் இருக்கிற குழு. யார் புதிதாக உள்ளே நுழைந்தாலும் முதலில் அண்ணாச்சியின் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

என் லேப் பாவூர்சத்திரத்தில், காய்கறி மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கிறது. 'யோகலட்சுமி லேப்' என்று போர்டு இருக்கும், மழையில் பாதி எழுத்து போய்விட்டது. அண்ணாச்சி எதிரே ஒரு கமிஷன் கடையில் ஏலம் போடுகிறவர். வெண்டைக்காய் மூட்டைக்கு அவர் சத்தம் போட்டால், இங்கே நான் ஊசி குத்துகிற ஆள் திடுக்கிட்டுக் கையை இழுத்துவிடுவான். "அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவாக் கூவுங்க, எனக்கு நரம்பு தப்பிப் போவுது" என்று எத்தனையோ தடவை ரோட்டைத் தாண்டிக் கத்தியிருக்கிறேன். "நான் மெதுவாக் கூவுனா கத்தரிக்கா அழுவிப் போவும்ட்டி" என்பார்.

தொழிலில் நேர்மையான ஆள். யாராவது மூட்டையில் மேலே நல்ல காயும் அடியில் சொத்தையும் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தால், எல்லோர் முன்னாலும் கொட்டிக் கவிழ்த்துவிடுவார். கொண்டுவந்தது அவர் சொந்த மச்சினனாக இருந்தாலும் சரிதான். அந்த நேர்மைதான் அவரைக் கெடுத்தது. எப்படி என்று சொல்கிறேன்.

அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. கேரளாவுக்குக் காய் ஏற்றிப் போகும் டிரைவர் ஒருவன்தான் அவரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டான். அதில் வராத விஷயம் கிடையாது. செக்கு எண்ணெய் எந்த ஊரில் நல்லது, முழங்கால் வலிக்கு எந்தச் செருப்பு, மருமகளிடம் சோறு வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்று எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு யோசனை. வெந்தயத்தை முளைகட்டித் தின்பதா, ஊறவைத்துத் தின்பதா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அண்ணாச்சி மூன்று வேளைச் சோற்றை ஒரு வேளை ஆக்கினார், டீக்குச் சீனியை விட்டார், விடியற்காலையில் கீழப்பாவூர் ரோட்டில் நரசிம்மர் கோயில் வரைக்கும் நடந்து திரும்பினார். ஏழு மாதத்தில் பதினாலு கிலோ குறைந்தது. மாத்திரையும் விடாமல் போட்டார். நூற்று நான்கு வந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அதனால்தான் போனை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தேன்.

படத்தைப் போட்ட அன்றைக்கே அறுநூறு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். குழுவை நடத்துகிற சுந்தரபாண்டி என்கிறவர் கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 'மாத்திரையை நிறுத்தியாச்சா அண்ணாச்சி?'

அண்ணாச்சி என் லேபில் உட்கார்ந்துதான் அதைப் படித்தார்.

"என்னட்டி போட?"

"உள்ளதப் போடுங்க. ரெண்டு மாத்திரை போடுதேன்னு போடுங்க."

"அம்புட்டுப் பேரும் பாக்குதாங்க. இன்னும் மாத்திரை முழுங்குதேன்னு சொன்னா அசிங்கமா இருக்காதா?"

'நிறுத்தியாச்சு' என்று அடித்தார். அதற்கு ஆயிரம் பேர் கைதட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து வந்து நின்றார். "யோகா, மாத்திரைய நிறுத்திட்டேன். பொய் சொன்னவன்னு ஆயிரக் கூடாது பாரு."

சொத்தை மூட்டையைக் கவிழ்க்கிற மனுஷன் அல்லவா, தான் சொன்ன பொய்யையும் அப்படியே விட மனசு வரவில்லை. அதை நிஜமாக்கிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? சொன்னத மாத்திச் சொல்ல முடியாதா?" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்புறம் அவர் அந்தக் குழுவின் பெரிய ஆள் ஆகிவிட்டார். இரண்டு ஏலத்துக்கு நடுவே மூட்டை மேல் உட்கார்ந்து பதில் எழுதுவார். எதைச் சாப்பிட வேண்டும், எத்தனை மணிநேரம் பட்டினி கிடக்க வேண்டும், ஏன் செருப்பில்லாமல் மண்ணில் நடக்க வேண்டும் என்று எல்லாம் சொல்வார். 'உங்களைப் பார்த்துத்தான் நானும் மாத்திரையை விட்டேன்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு கும்பிடு போடுவார். சர்க்கரை இறங்கவில்லை, தலை சுற்றுகிறது என்று யாராவது எழுதினால் அவரிடம் ஒரே பதில்தான்: 'நீங்க முறையா செய்யல.' எத்தனை தடவை எழுதியிருப்பார் என்றால், 'நீ' என்று தொட்டாலே அவர் போன் மிச்சத்தைத் தானே எடுத்துக் கொடுக்கும். என்னிடம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

மாதம் ஒரு தடவை என்னிடம் டெஸ்டுக்கு வருவார். வெறும் வயிற்று டெஸ்ட் மட்டும்தான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடாமல், பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி வருவார். அப்படியும் நூற்று முப்பது, நூற்று ஐம்பது என்று ஏறிக்கொண்டே போனது. "மூணு மாச ஆவரேஜ் பாப்பமா? அதுல இந்தப் பட்டினிக் கூத்தெல்லாம் செல்லாது" என்றேன். "அந்த டெஸ்டு வேண்டாம்" என்றார். செருப்பு கழன்றுபோனால்கூடக் காலுக்குத் தெரியவில்லை என்று அவரே ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னார். சர்க்கரை ஏறி நரம்பு மரத்துப்போகிற அடையாளம் அது.

அடுத்த தடவை ஊசி கையில் இருக்கும்போதே கூடுதலாக ஒரு டியூப் ரத்தம் எடுத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஆவரேஜ் பதினொன்று புள்ளி எட்டு வந்தது. ஏழு தாண்டினாலே நாங்கள் மூஞ்சியைச் சுளிப்போம்.

கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் "ஒம் மிசினு பழசு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த மார்க்கெட்டே கேட்கிற குரலை அவர் அவ்வளவு தாழ்த்திப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன், "வெளிய சொல்லிராத தாயி. குருவம்மாகிட்ட கூட. நான் சரி பண்ணிக்கிடுதேன்" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. அவர் சம்சாரம் குருவம்மாள் மதினி தினமும் என் லேப் வாசல் வழியாகத்தான் பால் வாங்கப் போவாள். "என்ன மதினி, சும்மாதானா?" என்று கேட்டு அனுப்பிவிடுவேன். அவருக்கு இரக்கப்பட்டேனா, வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற நியாயமா, எதுவோ. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்கு இன்றைக்கும் என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை.

ஆனி மாதம், சாரல் தொடங்கிய வாரம். மதினி காலையில் வீட்டைக் கூட்டும்போது தரையில் வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ரத்தத் தடம் இருந்திருக்கிறது. அண்ணாச்சி சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். தக்காளிப் பெட்டியின் ஆணி ஒன்று அவர் வலது உள்ளங்காலில் முழுசாக ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவில்லை என்றாராம். மதினி பிடுங்கிப்போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். "அங்கன போனா ரத்தம் எடுப்பான்" என்று மறுத்துவிட்டார்.

ஆனால் பயந்திருக்கிறார். குழுவில் பெயரை மறைத்துக் கேள்வி போடுகிற வசதி உண்டு. அதில் போய், 'என் நண்பர் ஒருவருக்குக் காலில் ஆணி குத்தி ஆறாமல் இருக்கிறது, என்ன செய்யலாம்?' என்று கேட்டிருக்கிறார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டச் சொன்னார்கள். நம்ம குற்றாலம் தண்ணீரில் மூலிகை இருக்கிறது, அருவியில் காலைக் காட்டினால் எந்தப் புண்ணும் ஆறும் என்றார்கள். நாலைந்து பேர், 'மந்திரமூர்த்தி அண்ணாச்சி எழுதியதைப் படித்து அதன்படி நடக்கச் சொல்லுங்கள்' என்று பதில் போட்டிருந்தார்கள். டாக்டரிடம் போகச் சொன்னது ஒரே ஒரு ஆள். அந்த ஆளை மற்றவர்கள் கேலி செய்திருந்தார்கள்.

அண்ணாச்சி ஒன்பது நாள் தொடர்ந்து பஸ் ஏறிக் குற்றாலத்து ஐந்தருவிக்குப் போனார். சீசன் கூட்டத்தில் வரிசையில் நின்று, முறை வந்ததும் பாறையைப் பிடித்துக்கொண்டு வலது காலை மட்டும் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றாராம். பின்னால் நின்றவர்கள், "யோவ், குளிச்சா குளி, இல்லன்னா நகரு" என்று ஏசியிருக்கிறார்கள்.

பத்தாம் நாள் மதினி என் லேபுக்குள் ஓடி வந்தாள். "யோகா, அவுக காலு நாறுது. போர்வையப் போட்டு மூடிக்கிட்டு, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்காக."

நான் போய்ப் போர்வையை இழுத்தேன். பெருவிரலும் பக்கத்து இரண்டு விரலும் கறுத்து, கணுக்கால் வரைக்கும் பளபளவென்று வீங்கியிருந்தது. இருபது வருடம் ரத்தமும் மூத்திரமும் பார்த்தவள் நான், வெளியே வந்து வாந்தி எடுத்தேன். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு தென்காசிக்குப் போனோம். அங்கே பார்த்ததுமே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆணி குத்திய அன்றைக்கே வந்திருந்தால் ஒரு கட்டோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆவரேஜ் விஷயத்தை அதற்குள் அண்ணாச்சியே அவளிடம் சொல்லியிருந்தார். அவள் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. டாக்டர் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொரு போட்டோ எடு. காலும் தெரியணும்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"எடுட்டி. அன்னைக்கு எடுத்தேல்லா?"

எடுத்தேன். அவர் ஒரு மணிநேரம் உட்கார்ந்து எழுதினார். மாத்திரையை நிறுத்தியதாக முதலில் பொய் சொன்னது, பிறகு நிஜமாகவே நிறுத்தியது, பட்டினி கிடந்து டெஸ்ட் எடுத்தது, நண்பர் என்று சொன்னது தன்னைத்தான் என்பது, எல்லாவற்றையும் எழுதினார். கடைசியில், 'என்னைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்' என்று எழுதியிருந்தார். சொத்தை மூட்டையை எல்லோர் முன்னாலும் கொட்டிக் கவிழ்த்த மாதிரிதான்.

பதினோரு நிமிடம் இருந்தது அந்தப் பதிவு. பிறகு காணோம். 'மனவலிமையைக் குறைக்கும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை' என்று சுந்தரபாண்டியிடமிருந்து ஒரு வரி வந்தது. அதோடு அண்ணாச்சியையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் என் போனில் போய்ப் பார்த்தேன். நான் எடுத்த பழைய படம் மட்டும் மேலே அப்படியே இருந்தது. அதை நீக்கச் சொல்லி மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், என்னையும் வெளியே தள்ளினார்கள்.

போன வியாழக்கிழமை ஆய்க்குடியிலிருந்து ஒரு பெண் லேபுக்கு வந்தாள். பெயர் முத்துசெல்வி, நாற்பது வயது இருக்கும்.

"வெறும் வயித்துல பாக்கணும்க்கா. அது மட்டும் போதும். நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணும் சாப்புடல" என்றாள்.

ஊசியைக் கீழே வைத்தேன். "மாத்திரை போடுதியா?"

"ரெண்டு மாசமா இல்ல. இவுகளப் பாத்துத்தான் விட்டேன்" என்று போனை நீட்டினாள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். அதே நீல நாற்காலியில்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, எந்திரி" என்றேன். லேபைப் பூட்டினேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து, ரோட்டைத் தாண்டி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது தெருவுக்கு இழுத்துக்கொண்டே போனேன். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, இவ உங்களப் பாத்து மாத்திரைய விட்டவ" என்றேன்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். "பாரு தாயி. நான் மாத்திரைய விட்டதுக்கு இதான் கெடச்சுது. நீ இன்னைக்கே டாக்டர்ட்ட போயிரு. ஒன்னயக் கும்புடுதேன்."

முத்துசெல்வி காலைப் பார்த்தாள். போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. பிறகு ரொம்ப மரியாதையாக, மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க முறையா செஞ்சிருக்க மாட்டீங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அவள் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். வாசலில் செருப்பு எதுவும் இல்லை, வெறுங்காலோடுதான் வந்திருக்கிறாள். என் அவசரத்தில் நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. மதினி தன் செருப்பை எடுத்துக்கொண்டு தெருவில் பின்னாலேயே ஓடினாள். "ஏட்டி, நில்லு. இதயாவது போட்டுக்கிட்டுப் போ."

"வேண்டாம்க்கா, பழகிட்டு. சுடவே இல்ல" என்று சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் தார் ரோட்டில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.